'நோ என்ஜின் பிரேக்': லாரிகளுக்கு அமெரிக்க ஊர்கள் போடும் தடை... தூக்கம் முக்கியமா, பிரேக் முக்கியமா?

நள்ளிரவு 2 மணி. ஊரே தூங்கிக்கொண்டிருக்கிறது. தூரத்தில் ஒரு லாரி சரிவில் இறங்கும் சத்தம். திடீரென 'டடடடடட'வென்று யாரோ மெஷின் கன்னை எடுத்துச் சுட்டதுபோல ஒரு வெடிச் சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. குழந்தை விழித்து அழுகிறது. அதைத் தூங்க வைப்பதற்குள் அடுத்த லாரி வந்துவிடுகிறது.

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் பல ஊர்களில் இது தினமும் நடக்கும் கதை. அங்கே இருக்கிற நம்ம ஆட்கள் ஊர் எல்லையில் ஒரு போர்டைப் பார்த்திருப்பார்கள். 'நோ என்ஜின் பிரேக்ஸ்' அல்லது 'நோ ஜேக் பிரேக்ஸ்' என்று எழுதியிருக்கும். முதல் தடவை பார்க்கும்போது குழப்பமாகத்தான் இருக்கும். பிரேக் பிடிக்காதே என்று ஒரு ஊர் லாரிக்காரரிடம் சொல்லுமா? சொல்கிறது. சட்டமே போட்டுச் சொல்கிறது.

அது என்ன பிரேக்? ஏன் இவ்வளவு சத்தம்? தடை போடுவது சரியா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

காலால் மிதிக்கிற பிரேக் இருக்கும்போது இது எதற்கு?

அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைகளில் ஒரு லாரி சரக்கோடு சேர்த்து பொதுவாக 80,000 பவுண்டு எடை வரை போகலாம். நம் கணக்கில் சுமார் 36 டன். இவ்வளவு எடை மலையில் இருந்து இறங்கும்போது அதன் வேகத்தை யாராவது பிடித்து நிறுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

காலால் மிதிக்கும் பிரேக், சக்கரத்தோடு சுற்றும் டிரம்மில் பிரேக் ஷூவை அழுத்தி உராய்வு மூலம் வேகத்தைக் குறைக்கிறது. உராய்வு என்றால் சூடு. சமதளத்தில் சிக்னலுக்கு நிற்பதற்கு இது போதும். ஆனால் 8, 10 கிலோமீட்டர் நீளச் சரிவில் விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் பழுக்கக் காய்ந்துவிடும். சூட்டில் டிரம் விரியும், லைனிங்கின் பிடிப்பு குறையும். ஒரு கட்டத்தில் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. இதைத்தான் 'பிரேக் ஃபேட்' என்கிறார்கள். நம்ம ஊர் டிரைவர்கள் 'பிரேக் பிடிக்கல' என்று சொல்வதில் பாதி இந்த ரகம்தான். பிரேக் அறுந்துபோயிருக்காது, காய்ந்துபோயிருக்கும்.

அதனால் சரிவில் வேகத்தைப் பிடிக்கும் வேலையை என்ஜினிடம் கொடுத்துவிட்டு, கால் பிரேக்கைக் கடைசி நேரத்துக்காகச் சேமித்து வைப்பதுதான் கனரக வாகனம் ஓட்டுவதில் அடிப்படைப் பாடம்.

என்ஜின் எப்படி பிரேக் ஆகிறது?

பைக் ஓட்டும்போது ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி தானாக மெதுவாகும். பெட்ரோல் என்ஜினில் த்ராட்டில் மூடியதும் உள்ளே காற்று நுழைவது தடைபட்டு என்ஜின் திணறும். அந்தத் திணறல்தான் வண்டியைப் பிடித்து இழுக்கிறது.

டீசல் என்ஜினில் இப்படி காற்றைத் தடுத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவது வழக்கம் இல்லை. டீசல் அளவைக் குறைத்துத்தான் வேகம் குறைக்கப்படுகிறது. டீசலை நிறுத்தினாலும் சிலிண்டருக்குள் காற்று தாராளமாக வரும், பிஸ்டன் அதை அழுத்தும், அழுந்திய காற்று ஸ்பிரிங் மாதிரி பிஸ்டனைத் திரும்பத் தள்ளிவிடும். அழுத்தச் செலவழித்த சக்தியில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்துவிடுவதால் வண்டி பெரிதாக மெதுவாகாது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சைக்கிள் பம்ப் போதும். பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். கையை எடுத்தால் கைப்பிடி மேலே எகிறும். அதே பம்பை முழுசா அழுத்திய நொடியில் விரலை எடுத்துவிட்டால்? 'புஸ்' என்று காற்று வெளியே போய்விடும். கைப்பிடி எகிறாது. நீங்கள் போட்ட உழைப்பு மொத்தமும் காற்றோடு போச்சு.

'கம்ப்ரஷன் ரிலீஸ்' என்ஜின் பிரேக் செய்வது இதைத்தான். டிரைவர் சுவிட்சைப் போட்டு ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்ததும் டீசல் நின்றுவிடும். பிஸ்டன் காற்றை முழுமையாக அழுத்தி முடிக்கும் நேரத்தில், புகை போகும் எக்ஸாஸ்ட் வால்வு சட்டென்று திறக்கும். அழுந்திய காற்று வெளியே பாயும். பிஸ்டனுக்குத் திரும்பத் தள்ளு கிடைக்காது. சக்தியைக் கொடுக்க வேண்டிய என்ஜின், சக்தியைத் தின்னும் இயந்திரமாக மாறிவிடுகிறது. அந்தச் சக்தியைக் கொடுப்பது உருளும் சக்கரங்கள். அதனால் வண்டி மெதுவாகிறது. பிரேக் ஷூ தேயவும் இல்லை, டிரம் சூடாகவும் இல்லை.

ஒரு கணவாயும் ஒரு சரக்கு ரயிலும்

இந்த பிரேக் பிறந்த கதை சினிமாக் காட்சிபோல இருக்கும். கம்மின்ஸ் என்ஜின் கம்பெனியை 1919-இல் தொடங்கியவர்களில் ஒருவரான கிளெஸ்ஸி கம்மின்ஸ், டீசல் என்ஜினின் பலத்தைக் காட்டுவதற்காக 1931-இல் நியூயார்க்கில் இருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு லாரியில் கிளம்பினார். கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கும்போது பிரேக் கைவிட்டது. சரிவில் வேகம் ஏறிக்கொண்டே போக, முன்னால் ரயில் பாதை. அதில் ஒரு சரக்கு ரயில் கடந்துகொண்டிருக்கிறது. கடைசிப் பெட்டி பாதையைக் கடந்ததும் மயிரிழையில் லாரி அந்தப் பக்கம் போனது.

அந்தச் சில நிமிடங்களை அவர் மறக்கவில்லை. கம்பெனிப் பொறுப்பில் இருந்து ஒதுங்கிய பிறகு, 1950-களில் டீசல் என்ஜினையே பிரேக்காக மாற்றும் வழியைக் கண்டுபிடித்தார். துளைபோடும் கருவிகளின் பாகங்களுக்குப் பேர்போன ஜேக்கப்ஸ் நிறுவனம் அதைத் தயாரிக்க முன்வந்தது. 1961-இல் விற்பனைக்கு வந்தது. 'ஜேக் பிரேக்' என்ற பெயர் அந்த ஜேக்கப்ஸில் இருந்து வந்ததுதான். 1985-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் இதை வரலாற்றுச் சிறப்புமிக்க கண்டுபிடிப்பாக அறிவித்தது. 2022-இல் அந்த பிரேக் நிறுவனத்தை கம்மின்ஸ் கம்பெனியே வாங்கிவிட்டது. கண்டுபிடித்தவர் தொடங்கிய வீட்டுக்கே பிரேக் திரும்பி வந்துவிட்டது.

ஆக, உயிர் தப்பிய ஒருவர், இன்னொருவருக்கு அப்படி நடக்கக் கூடாது என்று உருவாக்கிய கருவி இது. அதைத்தான் இன்று ஊர் எல்லையில் போர்டு வைத்துத் தடை செய்கிறார்கள்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

பம்பில் விரலை எடுத்தபோது வந்த 'புஸ்' நினைவிருக்கிறதா? லாரி என்ஜினில் அது பல மடங்கு பெரிய அழுத்தம். 6 சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 3 சிலிண்டர் வீதம் காற்றை வெளியேற்றும். கணக்குப் போட்டால் ஒரு நொடிக்கு 90 வெடிப்பு. மெஷின் கன் மாதிரி இருக்கிறது என்று மக்கள் சொல்வது மிகைப்படுத்தல் இல்லை.

ஆனால் இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. இந்தக் காற்று நேராகத் தெருவுக்கு வருவதில்லை. சைலன்சர் வழியாகத்தான் வர வேண்டும். நல்ல சைலன்சர் இருந்தால் அந்த வெடிப்புகள் அமுங்கி, லாரி சாதாரணமாக உறுமுவதுபோலத்தான் கேட்கும். சைலன்சர் ஓட்டையாகிவிட்டாலோ, டிரைவர் அதைக் கழற்றி வீசிவிட்டு நேர்க் குழாய் மாட்டியிருந்தாலோதான் அந்த 'டடடட' முழுசா வெளியே வரும். கெத்துக்காக, சத்தத்துக்காக, என்ஜின் இன்னும் நன்றாக இழுக்கும் என்ற நம்பிக்கைக்காக நேர்க் குழாய் மாட்டுபவர்கள் அங்கேயும் உண்டு. நம்ம ஊரில் புல்லட்டுக்கு சைலன்சர் மாற்றும் அதே கதை.

இன்னொன்று. 2007 முதல் அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டு விதி கடுமையானதால் புதிய டீசல் லாரிகளில் கரித்துகள் வடிகட்டி வந்துவிட்டது. அது புகையோடு சேர்த்து சத்தத்தையும் கொஞ்சம் அடக்கும். எனவே ஊரை எழுப்பும் லாரி பெரும்பாலும் பழைய லாரி, அல்லது கைவைத்த லாரி.

தூக்கம் கெடுவது அவ்வளவு பெரிய விஷயமா?

ஆமாம். இதைச் சின்ன புகாராக ஒதுக்க முடியாது. இரவில் சாலைப் போக்குவரத்துச் சத்தம் சராசரியாக 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்கான 2018 வழிகாட்டுதலில் பரிந்துரைக்கிறது. தூக்கம் கெடுவது, இதய நோய் அபாயம் ஆகியவற்றை வைத்துத்தான் போக்குவரத்துச் சத்தத்தின் தீங்கை அது மதிப்பிடுகிறது.

சராசரி என்பது ஒரு பக்கம். தூங்குபவரை எழுப்புவது பெரும்பாலும் திடீர் சத்தம்தான். மின்விசிறி இரவு முழுக்கச் சுற்றினாலும் தூங்கிவிடுவோம். ஒரு தட்டு கீழே விழுந்தால் எழுந்துவிடுவோம். என்ஜின் பிரேக் அந்தத் தட்டு மாதிரி. அமைதியான சாலையில் திடீரென்று தொடங்கி, சில நொடி வெடித்து, திடீரென்று நிற்கும். சராசரிக் கணக்கில் அது பெரிதாகத் தெரியாமலே போகலாம். ஆனால் தெருவில் உள்ள அத்தனை பேரும் விழித்திருப்பார்கள்.

ஊர்கள் என்ன சட்டம் போடுகின்றன?

அமெரிக்காவில் நகர கவுன்சிலுக்கு உள்ளூர் விதி போடும் அதிகாரம் உண்டு. மக்கள் கூட்டத்தில் வந்து புகார் சொல்வார்கள், கவுன்சில் விவாதிக்கும், வாக்கெடுப்பு நடக்கும், விதி பிறக்கும். மாநில அரசின் சாலையாக இருந்தால் போர்டு வைக்க மாநில நெடுஞ்சாலைத் துறையின் அனுமதியும் தேவைப்படும்.

இந்த விதிகளைப் படித்துப் பார்த்தால் பொதுவாக மூன்று வகை தெரிகிறது.

முதல் வகை, முழுத் தடை. ஊர் எல்லைக்குள் என்ஜின் பிரேக்கே போடக் கூடாது. இரண்டாவது வகை, அளவுக்கு மீறிய சத்தம் எழுப்பும் வகையில் போடக் கூடாது. மூன்றாவது வகை, சரியான சைலன்சர் இல்லாமல் போடக் கூடாது.

பெரும்பாலான விதிகளில் ஒரு விலக்கு இருக்கும். விபத்தைத் தவிர்க்க அவசரமாகப் போட்டால் குற்றம் இல்லை. தீயணைப்பு வண்டிகளுக்கும் பல இடங்களில் விலக்கு உண்டு. அபராதம் ஊருக்கு ஊர் மாறும்.

'நோ ஜேக் பிரேக்ஸ்' என்ற போர்டுக்கு இன்னொரு எதிர்ப்பாளரும் உண்டு. பிரேக்கைத் தயாரிக்கும் நிறுவனம்தான். 'ஜேக் பிரேக்' என்பது பதிவு செய்யப்பட்ட வணிகப் பெயர். எல்லா கம்பெனி என்ஜின் பிரேக்குக்கும் சேர்த்து எங்கள் பெயரைப் போட்டுத் தடை விதிப்பது நியாயமா என்பது அவர்கள் வாதம். ஜெராக்ஸ் என்ற கம்பெனிப் பெயரை நகலுக்கே பெயராக்கிவிட்டோமே, அந்த மாதிரி.

டெசிபல் அளவு வைத்துப் பிடித்தால் போச்சு... அதில் என்ன சிக்கல்?

சிக்கல் இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றம் 1972-இல் சத்தக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் லாரிகளுக்கு எவ்வளவு சத்தம் வரலாம் என்பதை மத்திய அரசே அதன்கீழ் நிர்ணயித்துவிட்டது. 1986-க்குப் பிந்தைய மாடல் கனரக லாரி என்றால், மணிக்கு 35 மைல் வரை வேக வரம்புள்ள சாலையில் 83 டெசிபல், அதற்கு மேல் வேக வரம்புள்ள சாலையில் 87 டெசிபல். 50 அடி, அதாவது சுமார் 15 மீட்டர் தூரத்தில் நின்று அளக்க வேண்டும்.

மத்திய அரசு ஒரு எண்ணை வைத்துவிட்டதால், இந்த லாரிகளுக்கு ஊர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வேறு எண்ணை வைக்க முடியாது. ஒரே லாரி ஒரே நாளில் 20 ஊரைக் கடக்கிறது, ஊருக்கு ஒரு டெசிபல் என்றால் எப்படி ஓட்டுவது என்பதுதான் காரணம். அதனால் எண்ணைத் தொடாமல், 'இந்த பிரேக்கைப் போடாதே' என்று எழுதிவிடுவது ஊர்களுக்குச் சுலபமான வழியாகிவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், சட்டம் போட்ட மத்திய அரசே பிறகு கையை விரித்துவிட்டது. சத்தக் கட்டுப்பாட்டுக்கென்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் இருந்த தனி அலுவலகத்துக்கான நிதி 1980-களின் தொடக்கத்தில், ரீகன் ஆட்சியில் நிறுத்தப்பட்டது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அளந்து பார்க்க ஆள் இல்லை.

போர்டு இருக்கு... பிடிப்பது யார்?

உள்ளூர் போலீஸ்தான். ஆனால் நடைமுறையில் இது கஷ்டம். லாரி இரவு 2 மணிக்கு வரும்போது அந்தச் சரிவில் போலீஸ்காரர் நிற்க வேண்டும். சத்தம் போட்டது இந்த லாரிதான், பின்னால் வந்தது இல்லை என்று சொல்ல முடிய வேண்டும். அது என்ஜின் பிரேக் சத்தமா, கியர் குறைத்த சத்தமா, ஓட்டை சைலன்சரின் சத்தமா என்று காதால் கேட்டே முடிவு செய்ய வேண்டும். டிரைவர் நீதிமன்றம் போனால் இதையெல்லாம் நிரூபிக்க வேண்டும்.

அதனால் பல ஊர்களில் போர்டு ஒரு வேண்டுகோளாகவே நின்றுவிடுகிறது. அக்கறையுள்ள டிரைவர் மதிப்பார். நேர்க் குழாய் மாட்டியவர் மதிக்க மாட்டார். யாரால் பிரச்சினையோ அவரை போர்டு தடுப்பதில்லை. யாரால் பிரச்சினை இல்லையோ, அவர்தான் பிரேக்கை அணைக்கிறார்.

அணைத்தால் என்ன ஆகும்?

இதுதான் லாரிக்காரர்களின் கேள்வி. ஊர் சமதளத்தில் இருந்தால் ஒன்றும் ஆகாது. கொஞ்சம் முன்னாலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு கால் பிரேக்கால் நிறுத்திவிடலாம். ஊர் ஒரு நீண்ட சரிவின் அடியில் இருந்தால்? அங்கேதான் கால் பிரேக் ஏற்கெனவே சூடாகி இருக்கும். அங்கேதான் சிக்னலும், பள்ளிக்கூடமும், வீடுகளும் இருக்கும். சத்தப் புகார் அதிகம் வருவதும் அதே இடத்தில்தான்.

பிரேக் கைவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2019 ஏப்ரலில் கொலராடோவில் நடந்த விபத்து ஒரு சாட்சி. ராக்கி மலையில் இருந்து இறங்கும் ஐ-70 நெடுஞ்சாலையில், மரம் ஏற்றி வந்த ஒரு லாரி வேகம் கட்டுப்படாமல் லேக்வுட் அருகே நின்றிருந்த வாகனங்கள் மீது மோதியது. 4 பேர் இறந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்றார் டிரைவர். வழியில் இருந்த, கட்டுப்பாடு இழந்த லாரிகளுக்கான ஏற்றப் பாதையில் ஏன் ஏற்றவில்லை என்று கேட்டது அரசுத் தரப்பு. அவருக்கு 110 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. லட்சக்கணக்கானோர் இணையத்தில் கையெழுத்திட்டு எதிர்த்த பிறகு, 2021 டிசம்பரில் ஆளுநர் அதை 10 ஆண்டாகக் குறைத்தார்.

அந்த விபத்துக்கும் என்ஜின் பிரேக் தடைக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் மலையடிவாரத்தில் பிரேக் இல்லாத லாரி என்றால் என்ன என்பதை அது காட்டியது. விதியில் அவசர விலக்கு இருக்கிறதே என்று கேட்கலாம். பிரேக் சூடாவது அவசரமாகத் தெரியும் நேரத்தில், காலம் கடந்திருக்கும். என்ஜின் பிரேக் அவசரத்துக்கு மட்டும் இல்லை. அவசரம் வராமல் பார்த்துக்கொள்வதற்கு.

ஆஸ்திரேலியாவில் எதிரெதிர் போர்டுகள்

இந்த முரணை ஆஸ்திரேலியாவில் தெளிவாகப் பார்க்கலாம். அங்கே குடியிருப்புகளை ஒட்டிய சாலைகளில் 'லாரிகள் தயவுசெய்து என்ஜின் பிரேக்கைக் குறைவாகப் பயன்படுத்தவும்' என்ற பொருளில் போர்டுகள் உண்டு. கவனியுங்கள், 'தயவுசெய்து'. இது வேண்டுகோள்தான்.

அதே நாட்டில் செங்குத்தான சரிவுகளில் நேர் எதிரான போர்டு உண்டு. 'லாரிகளும் பஸ்களும் குறைந்த கியரில் இறங்க வேண்டும்' என்று அது சொல்லும். இது வேண்டுகோள் இல்லை, சாலை விதி 108. கால் பிரேக்கின் உதவி இல்லாமலே வேகம் கட்டுப்படும் அளவுக்குக் குறைந்த கியரில் இறங்க வேண்டும் என்பது விதி. அதாவது என்ஜின்தான் வண்டியைப் பிடிக்க வேண்டும்.

அடிலெய்டு நகருக்கு மலையில் இருந்து இறங்கும் சவுத் ஈஸ்டர்ன் ஃப்ரீவே இதற்கு உதாரணம். அந்தச் சாலை நேராக நகரத்தின் ஒரு சந்திப்பில் வந்து முடிகிறது. 2014 ஆகஸ்டில் கட்டுப்பாடு இழந்து இறங்கிய ஒரு டேங்கர் லாரி அந்தச் சந்திப்பில் மோதியதில் 2 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அந்தச் சரிவில் லாரி, பஸ்களுக்கு வேக வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. சந்திப்பைச் சுற்றி வீடுகள் இருக்கின்றன. சத்தமும் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சரிவில் சத்தத்தைவிட உயிர் பெரிது என்று விதி முடிவு செய்துவிட்டது.

அப்போ தீர்வே இல்லையா?

இருக்கிறது. பிரேக்கைப் பிடிக்காமல் சைலன்சரைப் பிடிப்பதுதான் அது. சத்தத்துக்குக் காரணம் கெட்டுப்போன அல்லது கழற்றப்பட்ட சைலன்சர் என்றால், சட்டம் கைவைக்க வேண்டிய இடமும் அதுதானே?

சில அமெரிக்க மாநிலங்கள் இந்த வழியில் போயிருக்கின்றன. கொலராடோ மாநிலச் சட்டப்படி, என்ஜின் பிரேக் உள்ள வணிக வாகனத்தில் சைலன்சர் கட்டாயம். இல்லை என்றால் 500 டாலர் அபராதம். மலைகள் நிறைந்த மாநிலம் அது. அங்கே பிரேக்கைத் தடை செய்வதைவிட இதுதான் புத்திசாலித்தனம். ஓரிகன் மாநிலச் சட்டமும் 'சைலன்சரால் அடக்கப்படாத' என்ஜின் பிரேக்கைத்தான் குற்றமாக்குகிறது. மத்திய அரசின் விதியிலும், லாரியின் எக்ஸாஸ்ட் அமைப்பில் சைலன்சர் இருக்க வேண்டும், சத்தத்தை அடக்க முடியாத பழுது இருக்கக் கூடாது என்று இருக்கிறது.

இதில் போலீஸுக்கும் ஒரு வசதி. இரவு 2 மணிக்குச் சரிவில் காத்திருக்க வேண்டாம். பகலில், எடை பார்க்கும் நிலையத்தில், வண்டி நிற்கும்போதே குனிந்து பார்த்துவிடலாம். சைலன்சர் இருக்கிறதா, இல்லையா? காது, டெசிபல், சாட்சி எதுவும் வேண்டாம்.

இதோடு செய்யக்கூடிய சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. ஊருக்குள் வரும் முன்பே வேக வரம்பைப் படிப்படியாகக் குறைத்தால் டிரைவர் ஊர் எல்லையில் திடீரென்று பிரேக் போட வேண்டியதில்லை. அமெரிக்கக் கனரக வாகன ஓட்டுநர் கையேடும், இந்த பிரேக்கை எங்கே பயன்படுத்த அனுமதி உண்டு என்று தெரிந்து வைத்துக்கொள்ளும்படி டிரைவர்களுக்குச் சொல்கிறது. மழை, பனியில் சக்கரம் வழுக்கலாம் என்பதால் அப்போது அதை அணைக்கவும் சொல்கிறது.

சத்தமே இல்லாத மாற்று கிடையாதா?

உண்டு. எக்ஸாஸ்ட் குழாயில் ஒரு மூடி வைத்துப் புகை வெளியேறுவதைத் தடுக்கும் 'எக்ஸாஸ்ட் பிரேக்' சத்தம் குறைவு. நம்ம ஊர் லாரி, பஸ் டிரைவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது இதுதான். ஆனால் இதன் பிடி கம்ப்ரஷன் பிரேக் அளவுக்கு இருக்காது. எண்ணெயின் எதிர்ப்பைப் பயன்படுத்தும் ஹைட்ராலிக் ரிடார்டர் ஐரோப்பாவில் பரவலாக இருக்கிறது. அது அமைதியானது, ஆனால் எடையும் விலையும் கூடும். ஐரோப்பிய விதிகளில் தொலைதூரப் பஸ்களுக்கும், ஆபத்தான பொருள் ஏற்றும் சில லாரிகளுக்கும் தனிச் சோதனையே உண்டு. 7 சதவீதச் சரிவில் 6 கிலோமீட்டர், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், கால் பிரேக்கைத் தொடாமல் இறங்கிக் காட்ட வேண்டும்.

மின்சார லாரி வந்தால் கதையே மாறும். அதில் மோட்டார்தான் பிரேக். இறங்கும்போது பேட்டரிக்கு சார்ஜும் ஏறும், வெடிச் சத்தமும் இருக்காது. அது எல்லா மலைப்பாதைக்கும் வந்து சேர இன்னும் காலம் ஆகும்.

நம்ம ஊரில் என்ன நிலை?

இந்தியாவில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. வண்டியில் சைலன்சர் கட்டாயம் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 120. சத்த விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை என்கிறது 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். இங்கே ஊரை எழுப்புவது பெரும்பாலும் ஏர் ஹாரன்தான், என்ஜின் பிரேக் இல்லை.

நம்ம மலைப்பாதைகளில் கவலை வேறு. சேலம், தர்மபுரி இடையே உள்ள தொப்பூர் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே நடந்த தொடர் மோதல்களில் தலா 4 பேர் உயிரிழந்தனர். அந்தச் சரிவில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்க வேண்டாம் என்று லாரி டிரைவர்களைத் தொடர்ந்து எச்சரிக்க வேண்டியிருக்கிறது. நியூட்ரலில் போட்டால் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. மொத்தப் பாரமும் கால் பிரேக் மேல். அங்கே பிரச்சினை என்ஜின் சத்தம் போடுவது இல்லை, சத்தமே இல்லாமல் இறங்குவதுதான்.

சுருக்கமாக...

தூங்கும் உரிமை கேட்கும் ஊர் மக்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. உயிரோடு கீழே இறங்க வேண்டும் என்னும் டிரைவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்தியது பிரேக் இல்லை, பாதியில் கழற்றி வீசப்பட்ட ஒரு சைலன்சர். 'என்ஜின் பிரேக் போடாதே' என்று எழுதும் ஊர், தூக்கத்தையும் பாதுகாப்பையும் ஒன்றுக்கொன்று விலை பேச வைக்கிறது. 'சைலன்சர் இல்லாமல் வராதே' என்று எழுதும் ஊருக்கு இரண்டும் கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

அடுத்த தடவை அப்படி ஒரு போர்டைக் கடந்து போனால், பிரேக்கைத் தடுக்கிறதா, சத்தத்தைத் தடுக்கிறதா என்று கொஞ்சம் நின்று படித்துப் பாருங்கள். ஒரு வார்த்தைதான் வித்தியாசம். ஆனால் மலையில் இருந்து 36 டன்னோடு இறங்கும் ஒருவருக்கு அந்த ஒரு வார்த்தை சின்ன விஷயம் இல்லை.